சொத்துப் பட்டியலில் விட்டுப்போன எருமை

பொய் சொல்ல வராதவன் அடுத்தவன் பொய்க்குத் துணை போகக் கூடாது. இது எனக்கு இருபத்திரண்டு வயதில், ஓர் எருமையின் காலடியில் குந்தியிருந்தபோது விளங்கியது.

ஐம்பதுகளில் ஒரு கோடை. என் அண்ணனும் மதினியும் பிரிவதென்று முடிவாயிற்று. ஊர்க்கூட்டம் உறவைத் தீர்த்துவிடுவதற்கு முன், இருவரும் தங்களிடம் இருப்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். மதினி முதல் நாளே சொம்பு, தட்டு விடாமல் சொல்லிவிட்டார். அண்ணனோ, "எரும விசயத்த அடுத்த வெள்ளிக்கெழம சொல்றேங்க" என்று மூன்று வெள்ளிக்கிழமைகளை ஓட்டினான். அது மதினி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த எருமை. கைக்குழந்தையோடு தனியே போகிறவருக்கு அதன் பால்தான் பிழைப்பு.

நாலாவது வெள்ளிக்கிழமை, "சந்தையில வித்துட்டேன், தம்பிதான் சாட்சி" என்றான். எருமையோ, முந்தின ராத்திரி அவன் ஓட்டி வந்து ஒளித்த இடத்தில், குளத்தூர்ப் பக்கம் என் கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. (அண்ணன் சொன்னால் தலையாட்டுவதுதான் அப்போது என் முழுநேர உத்தியோகம்.)

கன்று செத்ததிலிருந்து அது மதினி கைக்குத்தான் சுரக்கும். மடி கனத்து இரண்டு நாள் அது போட்ட சத்தம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். வேறு வழியில்லாமல், அண்ணன் வீட்டுக் கொடியில் கிடந்த மதினியின் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டி, முக்காடும் போட்டு உட்கார்ந்தேன். சுரந்துவிட்டது!

அந்த நேரம் பார்த்து, சாட்சியை விசாரிக்க ஊர்த் தலைவர் அம்பலகாரர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஏத்தா, தம்பி இருக்காப்லயா?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் என் வாய் குரலை மெலிய வைத்துக்கொண்டு சொன்னது:

"அவுக வெளிய போயிருக்காக..."

அவருக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல்: "கொழுந்தனாரே, இன்னுங் கொஞ்சம் எறக்கிக் கட்டியிருக்கலாம். கால் முடி தெரியுது."

அந்தக் குரல் கேட்டதும் எருமை செம்பை உதைத்து, என்னையும் உருட்டிவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு மதினியிடம் ஓடியது. அம்பலகாரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாட்சி சொல்லியாச்சு. எருமையும் சேலையும் அந்தப் புள்ளைக்கே."

அந்த வாரமே எல்லாம் தீர்ந்தது. மதினி எருமையை ஓட்டிப்போய், பால் விற்றே மகளை டீச்சராக்கினார். அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மதினி ஒரு நாளும் பேசாமல் இருந்ததில்லை. என் கல்யாணத்துக்கு நெய்ச் செம்போடு வந்து, எல்லாவற்றையும் என் மனைவி காதில் ஓதிவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தார்.

அண்ணனும் மதினியும் இப்போது இல்லை. ஆனால் வாசலில் யார் வந்து என்னைக் கேட்டாலும், பேரன் பேத்திகள் கோரஸாகக் கீச்சுக்குரலில் சொல்கிறார்கள்: "அவுக வெளிய போயிருக்காக!"

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாலும்.