வருத்த டாக்டர் சீமைக்குப் போகிறார்

கொடைக்கானல் மலையில் ஒருத்தருக்கும் ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுக்காமல், ஊரையே நோயாளியாக்கி வைத்த ஒரே டாக்டர் எங்கள் வருத்த டாக்டர்தான். செண்பகனூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். சொந்த ஊர் கவுஞ்சி. அப்பா பூண்டுத் தோட்டத்தை விற்று கிர்கிஸ்தானில் படிக்க வைத்தார். அந்தப் பட்டத்தை இங்கிலாந்து ஏற்க வேண்டுமானால் அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். எழுத்துப் பரீட்சையை ஊதித் தள்ளிவிட்டார். செய்முறைப் பரீட்சைதான் சனியன் மாதிரி காலைப் பிடித்துக்கொண்டது.

அதில் நிஜ நோயாளி கிடையாது. நடிகர்களை உட்கார வைத்திருப்பார்கள். ஓரமாக ஒரு துரை வாயைத் திறக்காமல் மார்க் போடுவார். மணி அடிப்பதற்குள் கையைக் கழுவி, நோவைக் கேட்டு, அனுதாபமும் காட்டி முடிக்க வேண்டும். பழகிப் பழகி அந்த அனுதாபம் மனிதருக்கு வாயோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடை அந்தோணி, "பால் தீந்துருச்சுங்க டாக்டர்" என்றால் போதும், பெஞ்சை இழுத்துப் போட்டு அவன் கண்ணையே பார்ப்பார்.

"கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்குங்க. இது ஒங்களை எப்படிப் பாதிக்குது?"

"எனக்கென்னங்க? வரக்காப்பி போட்டுட்டுப் போறேன்."

பெயர் வந்தது இப்படித்தான்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே! பஸ் கண்டக்டர், காய்கறிக்கார அம்மா, அந்தோணி, நான் என்று முறை வைத்து நோயாளியானோம். நான் சாகாத வியாதியே கிடையாது.

மற்றதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றுதான் வராது. குணமாகாத நோய் என்பதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அப்படி யார் சொல்கிறார்கள்? கூட வந்தவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் காதோடு சொல்லுவதுதானே வழக்கம்? அங்கே அது பெரிய தப்பாம்.

ஒருநாள் அந்தோணி நோயாளி. கெட்ட செய்தி சொல்லும் கட்டம் வந்தது. டாக்டர் சட்டென்று எழுந்து கடைக்குப் பின்னால் போனார். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்தோணியின் மனைவியிடம், "அக்கா, மனசைத் தேத்திக்கங்க. அண்ணனுக்கு நாள் நெருங்கிருச்சு" என்றார். இது ஒத்திகை என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னது? "மாதாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சாயங்காலத்துக்குள் வத்தலக்குண்டிலிருந்து சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். "நடிப்புய்யா, எல்லாம் நடிப்பு!" என்று அந்தோணி கத்தக் கத்த, "பாவம், தாங்க முடியாமப் பேசுறான்" என்று இன்னும் அழுதார்கள்.

பரீட்சைக்குப் போன இங்கிலாந்திலும் அதே கூத்துதான். ஓரத்தில் மார்க் போட்டுக்கொண்டிருந்த துரையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க பேஷண்டுக்கு மாமா முறையா?" என்று இங்கிலீஷில் விசாரித்திருக்கிறார். துரை பெரிய முட்டையாகப் போட்டு அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு முறையும் தேறவில்லை. கவுஞ்சியில் அப்பா அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகத் தொடங்கினார். மாடியில் பல நாள் விளக்கே எரியாது.

போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்று வலி. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர், "ஐயா கொஞ்சம் வெளிய ஒக்காருங்க" என்று சொல்லி என் மச்சினனை உள்ளே கூப்பிட்டார். அவன் சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். "ஒண்ணுமில்ல மாமா, அல்சர்தான்." அன்று முதல், என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஆட்களெல்லாம் பழம் வாங்கி வந்தார்கள். என் மனைவி, நான் கேட்காமலே கறி சமைத்தாள். எனக்கா தெரியாது? வெறுத்துப்போய் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

படித்துப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"யாரும் வரலைங்க டாக்டரே. நான் மட்டுந்தான். உண்மையைச் சொல்லுங்க."

ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லீரல்ல புத்துநோய்ங்க சார். பரவிருச்சு. ஆபரேசன் பண்ற கட்டம் தாண்டிருச்சு. வலியில்லாம வச்சுக்க வழி இருக்கு. வருசக் கணக்கு சொல்ல முடியாதுங்க, மாசக் கணக்குதான்."

அழுதேன். அவரும் அழுதார். ஆனால் அன்று ராத்திரிதான் நான் நன்றாகத் தூங்கினேன். இத்தனை பேர் நடிக்கிற வீட்டில் ஒருத்தராவது என்னிடம் நிஜம் பேசினாரே.

வருகிற வாரம் அவருக்குக் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். நேற்று கீழே வந்து தலையைக் குனிந்தபடி நின்றார்.

"சார், தேதியைத் தள்ளிப் போட்டுரட்டுமா? இந்த நேரத்துல ஒங்களை விட்டுட்டு..."

"கிறுக்கா தம்பி ஒங்களுக்கு? அப்பாவை நெனைச்சுப் பாருங்க. வெரசாப் போய்ப் பெட்டியைக் கட்டுங்க. என்கிட்டயே சொல்லிட்டீங்க, நடிக்கிறவங்ககிட்ட சொல்ல என்ன?"

இந்தத் தடவை நிச்சயம் பாஸாகிவிடுவார். பாஸாகத்தான் வேண்டும். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன். ஆனால் சாமியிடம் சொல்ல வாய் வராத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பிள்ளை ஃபெயிலாகித் திரும்பி வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும்.