மைக்கில் விழுந்த விக்கல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். இதை யாரிடமும் மூன்று நிமிடத்துக்கு மேல் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. (பாருங்கள், முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.)

வேளாண்மை அலுவலராகச் சேர்ந்த புதிது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் சம்பா விதை நேர்த்தி பற்றிப் பேச வேண்டும். என் முதல் மேடைப் பேச்சு. பக்கத்து நாற்காலியில், சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி கிடைக்காதவர் மாதிரி எங்கள் உதவி இயக்குநர். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவர் பேனா கொஞ்சம் சாய்ந்தால் போதும், நான் வீட்டுக்குப் போகலாம்.

முன்வரிசையில் அம்மா. இருபது வருஷம் ஊரார் வயலில் நடவு நட்டவள், என் முதல் சம்பளத்தில் வாங்கிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் "எம் பொண்ணுதான் மைக்ல பேசப் போவுது" என்று அறிவித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் பதற்றத்தில் இரண்டு மெதுவடையை அப்படியே விழுங்கியிருந்தேன். வந்தது வினை.

"ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோ... ஹிக்!" (சூடோமோனாஸ், விதையில் கலக்கும் நுண்ணுயிர் மருந்து. 'மோனாஸ்' வரவேயில்லை.)

வாசல் மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் அதை வயல்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"யாரோ நெனைக்கிறாங்க மேடம்!" என்றார் ஒரு பெரியவர்.

"வீட்டுக்காரரா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கல்யாணம் ஆவலங்க, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் அம்மா. (யாரும் கேட்கவில்லை.)

தண்ணீர் நீட்டினார்கள்; பூட்டிய கழிப்பறையை நினைத்து வேண்டாம் என்றேன். சர்க்கரை வந்தது. மூச்சை அடக்கினேன். அடக்கிய மூச்சு இரட்டை விக்கலாக வெளியே வந்தது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஹிக்" என்றேன் மரியாதையாக.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள். மேசைக்கு வந்தாள். மைக்குக்கு நேரே நின்று கத்தினாள்:

"ஏண்டி! ஆபீஸ் விதை மூட்டைய வித்துத்தான் எனக்கு இந்தப் பட்டுப்பொடவ எடுத்துக் குடுத்தியாமே! நெசமா?"

விக்கல் நின்றது. என் இதயமும் கூடவே நின்றதாகத்தான் ஞாபகம். கூடமே அந்தப் புடவையைப் பார்த்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சாட்சிப் பொருள் அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்க வேண்டாம்.

இயக்குநர் எழுந்துவிட்டார். "எந்த மூட்டை? எப்போ?"

"அய்யய்யோ, இல்ல சார்! விக்கல் நிக்கணும்னா திடுக்குனு ஆவணும்ல? சின்னப் புள்ளையில 'அடுத்த வீட்டு நெய்யத் திருடித் தின்னியா'ன்னு கேப்பேன், டக்குனு நின்னுரும். இப்ப ஆபீசர் ஆயிருச்சு. நெய்யின்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அதான் பெருசா கேட்டேன்."

கூடம் வெடித்துச் சிரித்தது. "நின்னுடுச்சுல்ல, மேடத்தப் பேச விடுங்கப்பா!" என்று அந்தப் பெரியவர் அதட்ட, மீதிப் பேச்சை ஒரு விக்கலும் இல்லாமல் முடித்தேன். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நானும் கொடுத்தேன்: "விக்கலை நிறுத்தும் பொருட்டு என் தாயார் நல்லெண்ணத்துடன் சாட்டிய பொய்க் குற்றச்சாட்டு தொடர்பாக..." கோப்பில் இன்றும் இருக்கிறது. வேலையும் இருக்கிறது. அந்த ஊரில் எனக்குப் பெயர்தான் மாறிவிட்டது: மூட்டை மேடம்.

எங்கள் வீட்டில் இப்போது யாருக்கு விக்கல் வந்தாலும், அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா தண்ணீர்ச் செம்போடு ஓடிவருவார். போன மாதம்தான் அவர் கொஞ்சம் பிந்திவிட்டார். திருவிடைமருதூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கேசரி தொண்டையில் சிக்கி விக்கல் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏந் தம்பி, மொதப் பொண்டாட்டி சௌக்கியமா?"

மாப்பிள்ளைக்கு விக்கல் அந்த நொடியே நின்றது. அவருடைய அம்மாவுக்குத் தொடங்கியது.