நுரையீரலுக்குள் ஒரு நூற்கண்டு

நெஞ்சுக்குள்ளே புழு இருக்கிறதாம். நூல் போல மெல்லியதாம், சிவப்பாம், முழக்கணக்கில் நீளமாம். அது நுரையீரலைச் சுற்றி இறுக்குவதால்தான் மனுஷனுக்கு இருமல் வருகிறதாம். வாய்வழியாக அதை உருவிப் போட்டுவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வானாம். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் நூலய்யா. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் கனவில் படித்தேன் என்பார். கனவில் ஃபெயில் ஆனவர்கள் உண்டா என்ன!

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குதான் அவருடைய ஆஸ்பத்திரி. புழு காற்றைக் கண்டால் மிரண்டு உள்ளே ஓடிவிடும் என்பதால் ஜன்னல்கள் எல்லாம் சாக்கு போட்டு அடைக்கப்பட்டிருந்தன. உள்ளே நூறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் நூறு பேர், உள்ளே போய் இருமுவதற்காக முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். காசநோய்க் கிருமிக்கு இதைவிட வசதியாக யாரும் வீடு கட்டிக் கொடுத்ததில்லை.

அந்த வரிசையில் காஜா அக்கா நின்றிருந்தாள். சட்டை தைக்கும் பட்டறையில் பதினைந்து வருஷமாகக் காஜா எடுப்பவள்; பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி ஊசியால் நூல் கட்டுகிற வேலை. சொந்தப் பெயரை ரேஷன் கார்டுதான் ஞாபகம் வைத்திருந்தது. பக்கத்தில் இருமிக்கொண்டு நின்றவர் அவள் வீட்டுக்காரர், அதே பட்டறையின் கட்டிங் மாஸ்டர்.

மாஸ்டருக்கு இருமல் ஆரம்பித்தபோது யாரும் கவலைப்படவில்லை. துணித் தூசி என்றார்கள். இரண்டு மாசம் ஆயிற்று. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். ராத்திரி வியர்வை. அவரே அளவெடுத்து வெட்டிய சட்டை அவர் மேலேயே தொளதொளவென்று தொங்கியது. காஜா அக்காதான் நிஜ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விடியற்காலைச் சளியைப் பரிசோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், காசநோய் என்று சொன்னார்கள். ஆறு மாசம் மாத்திரை.

செய்தி கேட்டதும் பட்டறை விழித்துக்கொண்டது. மாஸ்டருக்குத் தனி டம்ளர்! அதைத் தொடாமல் இருக்க ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஆனால் வெட்டுமேஜையில் அடுக்கிய துணி பறக்கக் கூடாதே என்று ஜன்னல்களை மட்டும் எப்போதும்போல் இறுக மூடியே வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"டம்ளர்ல வராதுங்க இது! இருமுறப்போ காத்துல வருது. அந்தக் காத்த அடைச்சு வச்சுக்கிட்டு டம்ளருக்குத் தூக்கு மாட்டியிருக்கீங்களே! மொதல்ல ஜன்னலத் தெறங்க. எல்லாரும் வந்து டெஸ்ட் பண்ணிக்குங்க."

அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாள். "நல்லாயிடுச்சுன்னு தோணும். அப்பத்தான் ஜாக்கிரதை. நடுவுல விட்டீங்கன்னா மிச்சம் இருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அது மசியாது."

ஒரே அறை வீடு. நடுவில் ஆறு வயசு மகள் படுப்பாள். அவளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் இருக்க அவளுக்கும் மருந்து கொடுத்தார்கள்.

இரண்டு மாசம் மாத்திரை உழைத்தது. காய்ச்சல் போயிற்று, பசி வந்தது, சட்டைக்குள் ஆள் வந்தார். இந்த நல்ல நேரம் பார்த்துத்தான் ஓவர்லாக் வந்து சேர்ந்தான். பட்டறையில் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுபவன். மிஷின் நின்றாலும் வாய் நிற்காது.

"மாஸ்டர், ஒண்ணுக்கு செவப்பாப் போகுதா?"

"ஆமாண்டா. ஆரஞ்சு கலர்ல."

"ரத்தம் மாஸ்டர், ரத்தம்! மாத்திரை உங்கள உள்ளயே கரைக்குது. நூலய்யாகிட்ட ஒரே உருவு. எங்க சித்தப்பாவுக்குப் பத்து முழம் வந்துச்சு!"

அது மாத்திரையின் நிறம் என்று நர்ஸம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். நர்ஸம்மா சொன்னது காதில் விழுந்தது. ஓவர்லாக் சொன்னது மனசில் விழுந்தது. மாஸ்டர் போனார். பதினான்கு முழம் வந்ததாம். மாத்திரைச் சூடு ஆகாது, நிறுத்து என்றார் நூலய்யா. நிறுத்தினார். உடம்பைத் தேற்றியது மாத்திரை, ஊரெல்லாம் பேர் வாங்கியது நூலய்யா.

இருபதாம் நாள் சாயங்காலம் மறுபடி உடம்பு சுட்டது. காஜா அக்கா மகளைத் தூக்கிச் சுவரோரம் படுக்கவைத்தாள்.

"ஏங்க, உங்க கால்ல வேணா விழுறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வாலு உள்ள நின்னுடுச்சாம்டி. இன்னொரு தடவ உருவினா சரியாயிடும்னு ஐயா சொல்லியனுப்பியிருக்கார்."

"சரி. நானும் வரேன். அந்த வாலை நானும் பாக்கணும்."

அப்படித்தான் வரிசையில் நின்றாள்; ஓவர்லாக்கும் கூடவே வந்திருந்தான். மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டிக்கொண்டு நின்றாள். முறை வந்தது. மாஸ்டர் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடி வாயைத் திறந்தார். கண்ணை மூடுவது முக்கியம். திறந்த கண் புழுவுக்கு ஆகாதாம். நூலய்யா இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, உறுமினார், பல்லைக் கடித்தார், வியர்த்தார். சிவப்பாக, ஈரமாக, ஒரு நுனி வெளியே வந்தது. கூட்டம் 'ஆ' என்றது. அவர் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது.

காஜா அக்கா 'ஆ' என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு காஜா எடுக்கிற கண் அது. புழுவின் உடம்பில் முறுக்கு தெரிந்தது. மூன்று புரி முறுக்கு.

"ஐயா, இது உசுருள்ள புழுதானே?"

"சந்தேகமா? சதையும் ரத்தமும்மா! தொட்டுடாத, ஒட்டிக்கும்!"

பக்கத்தில் வைத்திருந்த கஷாயச் சட்டிக்குள் அவர் அதைப் போடுவதற்குள் காஜா அக்கா பிடுங்கிக்கொண்டாள். முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். சாயம் துணியில் இறங்கியது.

"ஓவர்லாக்! லைட்டர் எடு."

"அக்கா, ஐயா கோவிச்சுக்குவாரு..."

"எடுடான்னேன்!"

தையல்காரர்களுக்கு இது தினப்படி வேலை. இன்ன துணி என்ற சீட்டு இல்லாமல் வந்தால் ஒரு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, சாம்பல். கம்பளி, பட்டு என்றால் உயிர்ப்பொருள். மயிர் பொசுங்குகிற நாற்றம். பாலியஸ்டர் என்றால் எரியாமல் உருகி, சுருண்டு, கடைசியில் கறுப்பாய் ஒரு கெட்டி மணி.

முதலில் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொளுத்தினாள். "மோந்து பாருங்க. உசுருள்ள உடம்புலேர்ந்து வந்தது இப்படி நாறும்." அப்புறம் புழுவின் வாலில் தீயை வைத்தாள். ஈரம் சீறியது. புழு உருகியது, சுருண்டது, பிளாஸ்டிக் நாற்றம் கிடங்கை நிறைத்தது. கறுப்பு மணி ஒன்றை விரலில் உருட்டிக் கூட்டத்துக்கு நீட்டினாள்.

"நாப்பதாம் நம்பர் பாலியஸ்டர் நூலு. எங்க பட்டறையில பெட்டி பெட்டியா இருக்கு. இதுவா எம்புருஷன் நெஞ்சுல வெளஞ்சுது?"

ஓவர்லாக்கால்தான் தாங்க முடியவில்லை. "அக்கா... மாஸ்டர் பாலியஸ்டர் தூசியத்தானே சுவாசிக்கிறாரு, அதத் தின்னு வளர்ந்த புழுவா இருக்குமோ?"

மூளையையும் ஓரம் அடித்து வைத்திருந்தான் பாவி. ஆனால் ஒரு கிழவர் எழுந்துபோய் ஜன்னல் சாக்கைப் பிய்த்தார். வெளிச்சம் விழுந்தது. நூலய்யாவின் சட்டைக்கைக்குள்ளிருந்து இன்னும் மூன்று பேருடைய புழு எட்டிப் பார்த்தது. கூட்டம் பாய்வதற்குள் ஐயா பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. திறந்த ஜன்னலோரம் பெஞ்சு. மாஸ்டர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா திட்டித் தீர்த்தாள். மருந்து இன்னும் கேட்கிறதா என்று மறுபடி சளியைப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றாள்.

"இருபது நாளு விட்டிருக்கீங்களே, மனசாட்சி வேணாமா? அதோ அந்தப் பெரியவரப் பாருங்க. நாலு மாசமா ஒரு நாள் தவறல!"

மூலையில் தலையில் துண்டு போட்டிருந்த பெரியவர் மாத்திரைகளை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கியதற்கு அத்தாட்சியாக வாயை ஆவென்று திறந்து காட்டினார். பிறகுதான் திரும்பினார். நூலய்யா!

மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். காஜா அக்கா நேரே போய் எதிரில் நின்றாள்.

"ஏன் ஐயா, உங்க புழுவ யாரும் உருவித் தரலியா?"

நூலய்யா துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "என்னோடது நெஜமாவே காசநோய்மா" என்று முணுமுணுத்தார்.

மாஸ்டர் மாத்திரைக்காக நர்ஸம்மாவிடம் கையை நீட்டினார்.

புளுகுகிறவர்கள் தங்கள் நுரையீரல் விஷயத்தில் ஒருநாளும் ஏமாறுவதில்லை. உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் கண்ணைத் திறந்து வையுங்கள். அதற்கு மேலே மூளை என்று ஒன்று இருக்கிறது, அதையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். அதற்குள் புழு எதுவும் கிடையாது.