முந்தானைக்குள் ஒரு முகம்

என் முகத்துக்கு மொத்தமே ஒரு பாவனைதான். கல்யாண ஆல்பத்திலும் ஆதார் கார்டிலும் அதேதான்: பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருப்பவன் முகம். இப்படிப்பட்டவன் இரண்டரை வயது மகளுக்கு உணர்ச்சிகளைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கக் கூடாது.

எல்லாம் போனில் பார்த்த வீடியோ. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை துண்டை இழுக்கும்போது உள்ளே கோபமோ அழுகையோ தயாராக இருக்க வேண்டும். பிள்ளை அதன் பேரைச் சொல்லும். ஒரே வாரத்தில் இனியா தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை. கோபம் காட்டினால் "பசி" என்றாள். வீரம் காட்டினாலும் "பசி"தான். (அவளைக் குற்றம் சொல்ல முடியாது.) முகம் சரியில்லையென்றால் "தப்பு! மறுபடி!" என்று துண்டைத் தலையில் போட்டுவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒக்கூருக்குத் துக்கம் கேட்கப் போனோம். என் மனைவி செல்வியை வளர்த்தது அவளுடைய பெரியம்மா. பெரியப்பா இறந்தபோது செல்வி மட்டும் போனாள். நான் ஆபீசில் ஆடிட் என்று காரைக்குடியிலேயே இருந்துவிட்டேன். (ஆடிட் மறுவாரம்.) விஷயம் தெரிந்த பெரியம்மா, "அந்த மாப்பிள்ளை இனி என் வாசல் மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். செல்விக்குத் தாய்வீடு என்று இருந்ததே அது ஒன்றுதான். அதனால் சமாதானத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கையக் கும்புட்டு உக்காருங்க. வாயத் தெறந்தீக, அம்புட்டுத்தான்!" என்று பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே போனதும் வழக்கப்படி செல்வி பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் முந்தானையால் முகத்தை மூடி அழ ஆரம்பித்தார்கள். செல்வியின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

துணியால் மூடிய இரண்டு முகங்கள்! இனியா என் மடியிலிருந்து வழுக்கி ஓடி, அம்மாவின் முந்தானையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பஸ்ஸில் என்னைத் திட்டியே தெம்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"அழுகை இல்ல, கோவம்! தப்பு! மறுபடி!" முந்தானை செல்வியின் தலைக்கே திரும்பிப் போனது.

துக்கம் கேட்க வந்த கூட்டம் மொத்தமும் செல்வியின் பக்கம் திரும்பியது. நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன. அதற்குள் இனியா பெரியம்மாவின் முந்தானையையும் இழுத்துவிட்டாள். வீங்கிய கண்களை உற்றுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

"பசி" என்றாள்.

பெரியம்மாவின் தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நெசந்தான்டி தங்கம்! காலையில இருந்து வாரவுகளக் கட்டிக்கிட்டு அழுததுல ஒரு இட்லி திங்கல. ஒருத்தரும் கேக்கல. யாரு ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

குட்டி விரல் என்னைக் காட்டியது.

"மாப்பிள்ளையா? ஆடிட்டு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லிக் குடுத்தீகளாக்கும்?" என்றார் பெரியம்மா. "சரி, எந்திரிங்க, சாப்புடுவோம். ஒங்க மொகத்துக்கு மட்டும் பசியில்லையா என்ன!"

நான் ஏழு இட்லியோடு சமாதானமாகிவிட்டேன். செல்வியின் பேர்தான் கெட்டுப்போனது. இப்போதும் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், சொந்தக்காரப் பெண்கள் அவள் முந்தானையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிக்கிறார்கள். அவளும் இப்போது நிஜமாகவே அழுகிறாள்.

"அதெப்படி நெனச்ச ஒடனே வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டிப்புடிச்சதும் ஒங்களக் கட்டிக்கிட்டத நெனச்சுக்குவேன்" என்றாள். "நிறுத்துறதுதான் கஷ்டமா இருக்கு."