டிஸ்கில் ஒரு கள்வன்

மனைவி எந்த ஆணைப் புகழ்ந்தாலும் பெருந்தன்மையாகச் சிரித்துவிடுவது என்று சனிக்கிழமை காலை சர்வர் சார் உறுதி பூண்டார். பல் தேய்த்து முடிக்கும்வரைகூட அந்த உறுதி தாங்கவில்லை.

அவர் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். "எந்த ஓட்டல்ல சர்வர்?" என்று மாமனார் கேட்ட நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி கணக்கு டீச்சர்.

"அந்த ரிப்பேர்காரருக்கு என்ன பொறுமை! அவர் கை பட்டதும் கம்ப்யூட்டர் பறக்குது," என்றாள்.

"நான் தொட்டா?"

"படுத்துக்குது."

ஒரு வாரமாக இதே பாட்டு. அவள் கடைக்குக் கிளம்பியதும் சர்வர் சார் வயிற்றெரிச்சலோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தார். 'டிஸ்க்பார்ட்' என்று தட்டினார். அடுத்து, 'லிஸ்ட் வால்யூம்'. டிஸ்கின் பாகங்களெல்லாம் வரிசைகட்டி நின்றன. மூன்றாவதற்கு மட்டும் சி, டி என்று அடையாள எழுத்து இல்லை. எழுத்து இல்லாத பாகம் வீட்டில் யார் கண்ணிலும் படாது. பெயர் இருந்தது: கள்வன். அளவு, நாற்பது ஜிபி. நிலை, ஆரோக்கியம்.

கள்வன் ஆரோக்கியமாகத்தான் இருந்தான். சர்வர் சாருக்குத்தான் மூச்சு வாங்கியது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரைக் கூப்பிட்டதெல்லாம் 'என்னங்க', 'இந்தாங்க', 'காது கேக்குதா'. ஒரு தரம், ஒரே ஒரு தரம், கள்வன் என்றிருப்பாளா?

கடையிலிருந்து திரும்பியவள் பையைக் கீழே வைப்பதற்குள் பாய்ந்தார்.

"யார் அந்தக் கள்வன்? நாப்பது ஜிபிக்குக் கால் நீட்டிப் படுத்திருக்கான்!"

"ஓ, அவனா? என் தூக்கத்தைக் கெடுத்தவன்."

சர்வர் சார் மேசையைத் தட்டினார்.

"இடம் கொடுத்தது யாரு?"

"ரிப்பேர்காரர்தான் பிரிச்சுக் கொடுத்தார்."

"அப்படியா சேதி! சாட்சி வேணும். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு!"

"கூப்பிட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்காங்க."

அக்கா வந்து நாற்காலியில் அமர்ந்தார். சர்வர் சார் மூன்றாம் வால்யூமைத் தேர்ந்தெடுத்து, 'அசைன்' என்று அடித்து எழுத்துக் கொடுத்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் ஒலிப்பதிவுகள். "கேளுங்கக்கா இந்தக் காதல் வசனத்தை!" என்று முதலாவதைத் தட்டினார்.

ஸ்பீக்கரில் மரம் அறுபட்டது. பிறகு லாரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் திணறியது. நடுவே அவருடைய குரலே, "ரீஸ்டார்ட் பண்ணுங்கடா..." என்று உளறியது.

"அட, இதுதானா? நான் தண்ணி மோட்டார்னுல்ல நினைச்சேன்!" என்றார் அக்கா.

மனைவி நிதானமாகச் சொன்னாள். "குறட்டை விடறீங்கன்னா, 'நானா? பொய்'னு சாதிப்பீங்க. நான் போட்டுக் காட்டினா, வேற யாரோடதோன்னு சொல்லுவீங்க. அதான் உங்க கையாலயே தோண்டி எடுக்கட்டும்னு விட்டேன்."

"நான் தோண்டுவேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பின்ன அந்த ரிப்பேர்காரரை ஒரு வாரமா எதுக்குப் புகழ்ந்தேன்?"

அன்று மத்தியானமே சர்வர் சாரின் தலையணை படுக்கையறையைவிட்டுக் கூடத்துக்குக் குடிபோனது. சுமந்து போனவரும் அவரேதான்.