ஆவடியில் காலியாகும் சீட்டு

அடுத்த செவ்வாய்க்குள்ள ஒரு பிரச்சனை கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் வேலை.

எனக்கு செவ்வாய்தான் வார லீவு. அன்னிக்கு அம்பத்தூர்ல ஒரு இடத்துல மொபைல் ஆப் செய்யக் கத்துக்குறேன். மத்த ஆறு நாளும் சென்ட்ரல் பக்கம் புடவைக் கடையில, நாள் பூரா நின்னுகிட்டே புடவை பிரிச்சுக் காட்டுற வேலை. அதுலேர்ந்து தப்பிக்கத்தான் இந்த கிளாஸே.

கிளாஸ் சார் சொன்னாரு: "ஐடியாவுக்கு எங்கயும் அலையாதீங்க. உங்க தினசரி வாழ்க்கையிலயே ஒரு பிரச்சனை இருக்கும். அதுக்கு ஒரு சின்ன ஆப் செஞ்சு, இருபது பேரையாவது யூஸ் பண்ண வெச்சுட்டு வாங்க."

புதன்கிழமை காலையில மாமியார்கிட்ட ஆரம்பிச்சேன். "அத்தை, உங்களுக்கு தினமும் என்ன பிரச்சனை?"

"ஏம்மா, காலங்காத்தாலயே சண்டைக்கு வர்றியா?"

வீட்டுக்காரரைக் கேட்டேன். "சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"ன்னாரு. அதோட அவரை விட்டுட்டேன்.

அன்னிக்கே திருநின்றவூர்ல ரயில் ஏறினப்பதான் பொறி தட்டுச்சு. லேடீஸ் பெட்டியில நிக்கிறவங்க எல்லாரும், உக்காந்திருக்கவங்ககிட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "எங்க இறங்குவீங்க?"

எனக்கு அந்தக் கேள்வியே தேவையில்ல. திருவள்ளூர்ல ஏறி ஜன்னலோரம் உக்காந்து வர்ற லோகாக்கா ஆவடியில இறங்குவாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் காட்டிக்கவே மாட்டாங்க. ஆவடி வந்ததும் டக்குனு எந்திரிச்சு, என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டு இறங்கிடுவாங்க. நாலு வருஷமா இதான் ஏற்பாடு. வேற யாருக்கும் தெரியாது. ஒரு நாள்ல நான் நிம்மதியா உக்கார்றது அந்த ஆவடியிலேர்ந்து சென்ட்ரல் வரைக்கும்தான்.

வியாழக்கிழமை ராத்திரி ஆப் ரெடி. ரெண்டே பட்டன். எந்த சீட்டு எந்த ஸ்டேஷன்ல காலியாகும்னு போடுறதுக்கு ஒண்ணு, 'இந்த சீட்டு எனக்கு'ன்னு இன்னொண்ணு. முதல்ல அமுக்குறவங்களுக்கு சீட்டு.

திறந்தா காலியா இருந்துச்சு. பாக்க நல்லா இல்லியேன்னு மாதிரிக்கு ஒரு சீட்டு போட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சீட்டுதான்.

பெட்டி வாட்ஸ்அப் குரூப்ல லிங்கைப் போட்டுட்டு, பெருமையா தூங்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுறேன், லோகாக்காவையே காணோம். அவங்களைச் சுத்தி அவ்வளவு கூட்டம். எல்லார் கையிலயும் என் ஆப். இடிச்சுப் புடிச்சு உள்ள போனேன்.

"கண்ணு, இன்னா இது? ஊடு காலி பண்றவள பாக்குற மாறி அல்லாரும் என்னையே பாத்துக்கினு கீறாங்கோ," அப்படின்னாங்க லோகாக்கா.

ஆவடி வந்துச்சு. அக்கா பழக்கத்துல என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. நடுவுல பச்சை சுடிதார் போட்ட ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு.

"அக்கா, இது என் சீட்டு. நான்தான் முதல்ல அமுக்கினேன்."

"நாலு வருஷமா நான்தாம்மா இதுல உக்கார்றேன்."

"நீங்க அமுக்கலியே."

அமுக்கலதான். என் சீட்டுக்கு நான் எதுக்கு அமுக்கணும்னு இருந்துட்டேன்.

"இந்த ஆப்பைச் செஞ்சதே நான்தான்மா," அப்படின்னேன்.

"அப்போ ரூல் உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்குமே," அப்படின்னுட்டு உக்காந்துருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஜன்னலுக்கு வெளியே லோகாக்கா, "இன்னா கண்ணு, நின்னுக்கினு கீறே?"ன்னு கேட்டுகிட்டே பிளாட்பாரத்துல நடந்தாங்க. சென்ட்ரல் வரைக்கும் நின்னேன். அப்புறம் கடையில நின்னேன். சனி, ஞாயிறு, திங்களும் அப்படியேதான். எத்தனை சீக்கிரம் அமுக்கினாலும் எனக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காங்க.

செவ்வாய்க்கிழமை சார் ஆப்பைப் பாத்து அசந்துட்டாரு. இருபது பேர் கேட்டாரு, பெட்டியே யூஸ் பண்ணுது.

"சபாஷ்மா. நிஜமான பிரச்சனையைப் புடிச்சிருக்கீங்க. எத்தனை நாளா இருக்கு உங்களுக்கு இது?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து சார்."