பியானோவில் சாய்ந்திருந்த சிவப்பு ஸ்கூட்டர்

பியானோ என்ன விலை என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்ட அரை நிமிஷத்திலேயே லாயிடுக்கு அது புரிந்துவிட்டது.

அவன் கண் பியானோவில் இல்லை. அதன்மேல் சாய்த்து வைத்திருந்த சிவப்பு ஸ்கூட்டரில் இருந்தது. எழுபதுகளில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்காரர்கள் பிள்ளைகளுக்கென்று செய்தது. எஞ்சின் கிடையாது, நின்றபடி ஓட்டுவது, பின்சக்கரத்தருகே ஒரு மிதி, அதை மிதித்தால் சங்கிலி இழுத்து வண்டி பாயும். லாயிடிடம் நீலம் இருந்தது, மஞ்சள் இருந்தது. சிவப்புக்காக ஒஹாயோவில் அவன் கிளறாத பழைய சாமான் குவியல் இல்லை.

பிடித்த பொருளை நேராக விலை கேட்க அவன் என்ன ஏமாளியா? வேறொன்றை விலை கேட்டு, படியாமல் உதட்டைப் பிதுக்கி, "போகுது, வந்ததுக்கு இதையாவது குடுங்க" என்று போகிற போக்கில் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டுப் பழைய சாமானையெல்லாம் விற்கப் பரப்பியிருந்த அந்தப் புல்வெளியில் எந்த ஜென்மத்திலும் விலை படியாத சாமான் பியானோதான்.

"அறுபது டாலர்," என்றாள் வீட்டுக்காரி பெர்னிஸ், ஐஸ் டீயை உறிஞ்சியபடி.

"பத்து தர்றேன் மேடம்," என்றான் லாயிட், திட்டு வாங்கத் தயாராகி.

"எடுத்துக்கோ தம்பி."

லாயிடுக்கு வியர்த்தது. "நான் நடந்துல்ல வந்தேன்..."

"அதுக்கென்ன, என் மருமகன் லாரி வச்சிருக்கான். ஏய் கர்டிஸ், வண்டியை எடு!"

"எங்க வீட்டு வாசல் வேற குறுகல்."

"கதவைக் கழட்டிடலாம் சார்," என்றான் கர்டிஸ், ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்று.

"என் பெண்டாட்டிக்குச் சத்தமே ஆகாதுங்க."

"அப்போ உனக்குன்னே செஞ்சது." பெர்னிஸ் ஒரு கட்டையை அழுத்தினாள். இசை வரவில்லை, உள்ளே எதுவோ கழன்று விழுந்தது.

நழுவிவிடலாமென்று லாயிட் திரும்பும்போது, எங்கிருந்தோ ஒரு தாடிக்காரன் வந்து ஸ்கூட்டரின் மிதியை அழுத்திப் பார்த்தான். "அட, சங்கிலிகூட ஒரிஜினல் போலிருக்கே!"

"பியானோ எனக்கு!" லாயிட் அலறினான். "அந்த ஓட்டை வண்டியையும் கூடப் போட்டுடுங்க!"

பெர்னிஸின் முகம் வாடியது. "அதுவா? என் மக ஓட்டினதாச்சே. குடுக்க மனசு வரலையே தம்பி... அந்த மீன் தொட்டியையும் நீ எடுத்துக்கிட்டா வேணா மனசைத் தேத்திக்கிறேன்."

"எடுத்துக்கிறேன்!"

"அந்த டிரெட்மில்?"

"அதையும்!"

தாடிக்காரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கினான். லாயிடுக்கு அது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எல்லாம் ஏற்றியானதும் லாரியில் ஸ்கூட்டருக்கு இடமில்லை. அதனாலென்ன? லாயிட் அதன்மேல் ஏறி ஒரு மிதி மிதித்தான். சங்கிலி கிறீச்சிட்டது, ஐம்பத்தெட்டு வயது உடம்பு அம்பாகப் பாய்ந்தது.

"இன்னொரு ஸ்கூட்டர் இந்த வாசப்படியைத் தாண்டினா, நான் தாண்டிப் போயிடுவேன்" என்று பெண்டாட்டி மார்லீன் சொல்லியிருந்தாள். சொல்லட்டுமே! பியானோவைப் பார்த்து மூர்ச்சை போட்டவள் கண்ணுக்கு ஸ்கூட்டர் எங்கே தெரியப்போகிறது? கோபத்தில் அறைந்து சாத்தக் கதவும் இருக்காது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, பியானோ முன்னே ஊர்வலம் போக, தெருவே கைதட்ட, ராஜா மாதிரி மிதித்துக்கொண்டு போனான் லாயிட்.

அவன் தலை தெருமுனையில் மறைந்ததும், தாடிக்காரன் புல்வெளிக்குத் திரும்பி வந்து கராஜ் கதவைத் தூக்கினான்.

"அத்தை, அடுத்த சிவப்பை எதுமேல சாய்க்கட்டும்? சோஃபாவா, ஃப்ரிட்ஜா?"